பேஸ் கிட்டார் கம்பிகள் நீண்ட நாள் உழைக்க

பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கியவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு சந்தேகம் வரும். வாங்கிய அன்று கணீரென்று இருந்த வாத்தியம் இப்போது ஏன் மொத்தையாக ஒலிக்கிறது? ஆம்பில் ட்ரெபிளை ஏற்றிப் பார்ப்பார்கள், கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது "கம்பி செத்துப்போச்சு, மாத்துங்க" என்பார்கள். கடைக்குப் போனால், சாதாரண கிட்டாரின் ஆறு கம்பிகளுக்கு ஆகும் விலையைப் போல மூன்று நான்கு மடங்கை இந்த நான்கு கம்பிகளுக்குக் கேட்கிறார்கள்.

இந்தச் செலவை நிறையவே தள்ளிப்போடலாம். வீட்டில் பழகுபவர்களின் வாத்தியத்தில் பெரும்பாலான கம்பிகள் தேய்ந்து போவதால் சாவதில்லை, நம் கையிலிருந்து போகும் அழுக்கால்தான் சாகின்றன. அதனால் கம்பியின் ஆயுள் வாசிப்பதற்கு முந்தைய இரண்டு நிமிடத்திலும் பிந்தைய இரண்டு நிமிடத்திலும்தான் முக்கியமாகத் தீர்மானமாகிறது. மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

புதிதாக வாங்குபவர்கள் பலரிடமும் இருப்பது நான்கு கம்பி, 34 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்), நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் மாட்டிய பேஸ். அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஐந்து கம்பி பேஸுக்கும் இதேதான், ஒரு கம்பி கூடுதல், அவ்வளவே.

கம்பிக்குள் என்ன நடக்கிறது

பேஸ் கம்பி ஒற்றைக் கம்பி அல்ல. நடுவில் உறுதியான எஃகு மையம். அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி, தடித்த கம்பிகளில் இரண்டு மூன்று அடுக்காகவும் இருக்கும். வெளிச்சுற்று பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு அல்லது துருப்பிடிக்காத எஃகு. ரவுண்ட்வவுண்ட் வகையில் இந்த வெளிச்சுற்று உருண்டைக் கம்பியாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஒரு பள்ளம் விழுகிறது. திருகாணியின் மரையைப் போல கம்பியின் முழு நீளத்துக்கும் ஓடும் பள்ளம் அது.

வியர்வை, தோலின் எண்ணெய், உதிரும் தோல் துகள், தூசி எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் போய் அடைகின்றன. விளைவு இரண்டு விதமாகத் தெரியும். முதலாவது, உயர்ந்த மேற்சுரங்கள் அமுங்கிவிடும். இருப்பதிலேயே தடித்த ஈ கம்பியைத் திறந்து, அதாவது இடது கை விரலால் அழுத்தாமல், மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் நொடிக்குச் சுமார் 41தான். புதுக் கம்பியில் நாம் ரசிக்கும் பளபளப்பு அதற்கு மிக மேலே, ஆயிரக்கணக்கான அதிர்வெண்களில் இருக்கிறது. அழுக்கு முதலில் விழுங்குவது அதைத்தான். இரண்டாவது, அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேராது. நாம் அதிகம் அழுத்தும் இடங்களில் அதிகமாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் படியும். கம்பியின் எடை அங்கங்கே மாறிவிடுவதால் சுருதி நிற்காது. சுருதி காட்டும் ட்யூனரில் திறந்த கம்பி சரியாகக் காட்டும், ஏழாவது ஃபிரெட்டில் (பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் பிசகும்.

இதற்கு மேல் வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கிறது. ஃபிரெட்டில் அழுந்தும் இடங்களில் கம்பியின் அடிப்பக்கம் நசுங்கிப் பள்ளம் விழுகிறது. அரிப்பையும் நசுங்கலையும் எந்தக் கழுவலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அழுக்கை எடுக்க முடியும். கம்பியைக் காப்பாற்றுவது என்றால் திரும்பப் பெற முடியாத சேதம் வருவதற்கு முன் அழுக்கை வெளியேற்றுவது என்றே பொருள்.

எந்த ஒலி வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லோருக்கும் பளபளப்பான கம்பி தேவையில்லை. டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தடிமனான லா பெல்லா ஃபிளாட்வவுண்ட் (வெளிச்சுற்று தட்டையான வகை) கம்பிகளைப் போட்டிருந்தார். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் அறிந்த செய்தி. உலகமே படித்துப் பின்பற்றிய பேஸ் வாசிப்பு, மங்கிப்போன பழங்கம்பியில் வந்தது.

மறுபக்கம், தி ஹூ ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலுக்குப் பியானோவின் கீழ்க்கட்டைகளைப் போல அதிரும் ஒலி வேண்டியிருந்தது. அவரும் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் சேர்ந்து உழைத்ததில் 1966 வாக்கில் ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பிகள் பெயர்பெற்றன. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் வாசித்ததும் ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட்தான். கட்டைவிரலால் கம்பியைத் தட்டும் ஸ்லாப் வாசிப்பும் ராக் இசையும் இந்தப் பளபளப்பை நம்பியே வளர்ந்தன.

எனவே கம்பி வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ, பாட்டுக்கு அடியில் உருண்டையாக நிற்கும் பேஸ் போதும் என்றால் ஃபிளாட்வவுண்ட் போடுங்கள். தட்டையான பட்டையால் சுற்றப்படுவதால் அழுக்கு சேரும் பள்ளம் கிட்டத்தட்ட இல்லை. ஆண்டுக்கணக்கில் ஒலி பெரிதாக மாறாது. விலை கூடுதல்தான், ஆனால் நீண்ட கணக்கில் இதுவே மலிவு. கம்பிக்கு அடிக்கடி காசு செலவழிக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் வழி இதுதான்.

பளபளப்பு வேண்டும், ஆனால் கை அதிகம் வியர்க்கும் என்றால் பூச்சுக் கம்பிகள் இருக்கின்றன. எலிக்ஸர் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்றது. இப்போது டடாரியோ உட்பட வேறு சிலரும் செய்கிறார்கள். மெல்லிய பாலிமர் பூச்சு அழுக்கையும் ஈரத்தையும் பள்ளத்துக்குள் விடாது. தொடும்போது கொஞ்சம் வழுக்கலாக இருக்கும், சிலருக்கு அது பிடிப்பதில்லை. பிளெக்ட்ரம் (மீட்டும் சில்லு) வைத்து ஓங்கி அடிப்பவர்களுக்குப் பூச்சு சீக்கிரமே உரியத் தொடங்கும்.

நிக்கல் பூச்சா, துருப்பிடிக்காத எஃகா என்றால், எஃகு அரிப்பை அதிகம் தாங்கும், ஒலியும் கூர்மை. ஆனால் அது கடினமானது, வாத்தியத்தின் ஃபிரெட்டுகளைச் சற்று வேகமாகத் தேய்க்கும். கம்பி மலிவு, ஃபிரெட் மாற்றுவது பெரிய செலவு. புதியவர்களுக்கு நிக்கல் பூசியதே நல்லது.

மாட்டும் விதம்

தவறாக மாட்டிய புதுக் கம்பி முதல் நாளே செத்ததுபோல ஒலிக்கும். அதைப் பழைய கம்பி என்று நினைத்து மறுபடி காசு செலவழிப்பவர்கள் உண்டு. அதனால் இதைக் கவனமாகச் செய்யுங்கள்.

பழைய கம்பியை இறுக்கத்தோடு வெட்டாதீர்கள். 45–105 அளவிலான (0.045 முதல் 0.105 அங்குலத் தடிமன்) நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை, அதாவது வாத்தியத்தின் கழுத்தை, ஏறத்தாழ 80 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ட்யூனிங் கீயைத் திருகி முழுக்கத் தளர்த்தியபின் கழற்றுங்கள். கழற்றியதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், அதைக் கழுவுவது பற்றிப் பிறகு வருகிறது.

கம்பி இல்லாத இந்த நேரத்தில் ஃபிரெட்போர்டைத் துடைத்துவிடுங்கள். புதுக் கம்பியை அழுக்கான பலகைமேல் மாட்டினால் அன்றைக்கே அது அழுக்கை எடுத்துக்கொள்ளும். ரோஸ்வுட் பலகை என்றால் உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்து, மரம் வறண்டு தெரிந்தால் மட்டும் ஃபிரெட்போர்டு எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடலாம். சிறிது நேரம் கழித்து மிச்ச எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் அது நேராகக் கம்பிக்குப் போகும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம். லேசாக ஈரமான துணி, பிறகு உலர்ந்த துணி, போதும்.

இப்போது புதுக் கம்பியை, வாத்தியத்தின் உடலில் கம்பி தொடங்கும் பிரிட்ஜ் வழியாகக் கோத்து, அதற்குரிய ட்யூனிங் தூணுக்கு மேல் நீட்டுங்கள். தூணைத் தாண்டி ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் கம்பியை முதலில் செங்கோணமாக மடியுங்கள். மடித்த பிறகு மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் வெளிச்சுற்று மையக் கம்பியிலிருந்து நழுவித் தளர வாய்ப்புண்டு. தளர்ந்த கம்பி என்றைக்கும் ஒலிக்காது. மைய எஃகு உருண்டையாக இருக்கும் கம்பிகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நுனியைத் தூணின் நடுத்துளையில் இறக்கி, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று சுற்று வருமாறு இறுக்குங்கள். சுற்றும்போது கம்பி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கோடு மாட்டிய கம்பி ஒழுங்காக அதிராமல் தள்ளாடும். மாட்டி முடித்ததும் சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) முன்னாலும் நட்டுக்கு (நெக்கின் தலைப்பக்கம் கம்பி அமரும் பட்டை) அடுத்தும் கட்டைவிரலால் கம்பியை லேசாக அழுத்திவிடுங்கள். கம்பி அந்த இடங்களில் வளைந்து நிற்காமல் நேராக உட்காரும். அதன்பின் வரும் தெளிவைக் கேட்டால் இந்தச் சின்ன வேலையை ஒருநாளும் விடமாட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. திறந்த நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாக மீட்டி, மங்கி மறையும் வரை போனில் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பேஸின் குமிழ்களும் ஆம்பின் குமிழ்களும் எந்த நிலையில் இருந்தன என்றும் குறித்துவையுங்கள். பிறகு உதவும்.

வாசிக்கும் முன், வாசித்த பின்

எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

வாசிக்க உட்காரும் முன் சாதாரண சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். விரல் நுனிகளையும் நகக்கண்களையும் தேய்த்துக் கழுவி, முழுக்க உலர்ந்தபின் வாத்தியத்தைத் தொடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தால் வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. பிரியாணியின் நெய், முறுக்கின் எண்ணெய் எல்லாம் சோப்பு இல்லாமல் போகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் வாசிக்கும்போது அடிக்கடி தலைமுடியைக் கோதாமல் இருப்பது நல்லது. கைக்கு கிரீம் தடவியிருந்தால் அதையும் கழுவிவிடுங்கள். வியர்வைக்காக முகப்பவுடரைக் கையில் தட்டிக்கொள்வது வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் வியர்வையோடு குழைந்து பள்ளத்தில் கெட்டியாகும்.

சானிடைசரைக் கைகழுவுவதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். அது கிருமியைக் கொல்லும், அழுக்கை எடுத்துப் போகாது. பெரும்பாலானவற்றில் கிளிசரின் போன்ற பிசுபிசுப்பும் இருக்கும்.

வாசித்து முடித்ததும் துடையுங்கள். துணி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. மைக்ரோஃபைபர் துணி நல்லது, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி பனியன் துணியும் அதே அளவு நல்லது. மெக்கானிக் ஷெட்டுகளுக்கு விற்கும் பனியன் வேஸ்ட்டில் சுத்தமான துண்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். துணியை வாரம் ஒருமுறை துவையுங்கள், அழுக்கான துணி கம்பிக்கே அழுக்கைத் திரும்பக் கொடுக்கும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் போடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும்.

துடைப்பதில் பலரும் மேலே மட்டும் ஒருமுறை இழுத்துவிட்டு வைத்துவிடுவார்கள். அழுக்கு அடியிலும் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக, துணியால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்து, பிரிட்ஜிலிருந்து நட் வரை மெதுவாக இழுங்கள். கொஞ்சம் அழுத்தமாகவே பிடிக்கலாம். வெள்ளைத் துணி என்றால் கருங்கோடு விழுவது கண்ணுக்குத் தெரியும். கோடு மங்கும் வரை இரண்டு மூன்று முறை இழுங்கள். அப்புறம் இரண்டு அங்குல அகலத்துக்கு ஒரு துணி நாடாவைக் கம்பிகளுக்கும் பலகைக்கும் இடையே நுழைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுங்கள். பலகையில் தங்கும் வியர்வைதான் அடுத்தநாள் கம்பியின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. வலது கை விழும் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பகுதி) பக்கத்தை மறக்காதீர்கள், அதிக வியர்வை விழும் இடம் அதுதான்.

மேடை நிகழ்ச்சியில் விளக்குகளின் சூட்டில் கை வழிந்துகொண்டே இருக்கும். ஆம்ப்மேல் ஒரு துணி கிடக்கட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கையைத் துடையுங்கள், இடைவேளையில் கம்பியையும் துடையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வயர் சுருட்டுவது, சாமான் ஏற்றுவது என்று அவசரம் இருக்கும், புரிகிறது. ஆனாலும் பேஸைப் பைக்குள் வைக்கும் முன் துடைத்துவிடுங்கள். ஈரக் கம்பியோடு பைக்குள் பூட்டி இரவு முழுக்க விடுவதைவிடக் கம்பியைக் கெடுக்கும் காரியம் வேறில்லை.

நண்பர்கள் வந்து "கொஞ்சம் கொடு, வாசிச்சுப் பாக்கறேன்" என்றால் கொடுங்கள். கை கழுவிவிட்டு வரச் சொல்லிக் கொடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொருவர் வியர்வையும் ஒவ்வொரு விதம். சிலர் தொட்ட கம்பி மாதக்கணக்கில் பளபளக்கும், சிலர் தொட்டால் இரண்டே வாரத்தில் கறுக்கும். உங்கள் கை இரண்டாவது வகை என்றால் மனம் தளர வேண்டாம். உங்களுக்குத் துடைப்பதும் பூச்சுக் கம்பியும் மற்றவர்களைவிட அதிகப் பலன் தரும்.

கம்பிமேல் எண்ணெய் தடவலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ கூடவே கூடாது. அவை பள்ளத்தில் தங்கித் தூசியை இழுத்து, நாள்பட்டால் பிசினாகிவிடும். கடைகளில் விற்கும் கம்பி மசகு பெரும்பாலும் மெல்லிய மினரல் எண்ணெய். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைக்கப்போகிறீர்கள் என்றால் துணியில் சிறிது தொட்டு ஓர் இழுப்பு இழுக்கலாம், துரு வராது. தினமும் வாசிக்கும் ரவுண்ட்வவுண்ட் கம்பிக்கு அது தேவையில்லை.

வைக்கும் இடம்

சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றின் ஈரமும் உப்பும் கூடுதல் எதிரி. சுவரில் மாட்டிவைத்தால் பார்க்க அழகுதான். அங்கே ஜன்னலைத் திறந்து போட்ட அறையில் கம்பி, யாரும் தொடாமலே மங்கும். வாசிக்காத நேரத்தில் பெட்டியிலோ பையிலோ மூடி வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு மூன்று போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் குடித்து முடித்தது தெரியும். அப்போது பொட்டலத்தில் போட்டிருக்கும் முறைப்படி சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். செருப்புப் பெட்டியில் வரும் சின்னப் பொட்டலங்கள் பழசாகி ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், அவற்றை நம்ப வேண்டாம்.

குளிரூட்டிய மண்டபத்திலோ காரிலோ நெடுநேரம் இருந்த வாத்தியத்தை வெளியே எடுத்து உடனே பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும். பையை மூடியபடியே கால்மணி நேரம், அரைமணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். மழையில் நனைந்த பையை, வாத்தியத்தை வெளியே எடுத்துவிட்டு நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். பையின் பஞ்சு பல நாள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும்.

தினமும் கம்பியைத் தளர்த்தி வைக்கத் தேவையில்லை. இறுக்குவதும் தளர்த்துவதுமாகத் திரும்பத் திரும்பச் செய்தால் தூணருகே கம்பி சோர்ந்து அறுவதுதான் மிச்சம்.

கை அழுத்தம்

புதியவர்கள் தேவைக்கு மேல் இறுக்கி அழுத்துகிறார்கள், தேவைக்கு மேல் ஓங்கி மீட்டுகிறார்கள். ஃபிரெட்டுக்குச் சற்றே பின்னால் விரல் வைத்தால் லேசான அழுத்தமே போதும். ஒலி போதவில்லை என்றால் ஆம்பை ஏற்றுங்கள், கையை ஏற்றாதீர்கள். கம்பியின் அடியில் பள்ளம் விழுவது குறையும், ஃபிரெட்டும் தேயாது, விரலும் வலிக்காது. கம்பி எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் குற்றம் கம்பியில் இல்லை. சேடிலிலோ தூணிலோ கூரான பிசிறு இருக்கும். மிக நைசான உப்புத்தாளால் அதை மழமழப்பாக்குங்கள், அல்லது வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மங்கிய கம்பியைக் கழுவுதல்

எவ்வளவு துடைத்தாலும் ஒரு கட்டத்தில் கம்பி மங்கும். அப்போது இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன, கொதிநீரும் ஆல்கஹாலும். இரண்டும் பாலிமர் பூச்சில்லாத ரவுண்ட்வவுண்ட் கம்பிகளுக்கு மட்டுமே. நைலான் நாடா சுற்றிய கம்பியையும் பாலிமர் பூச்சுக் கம்பியையும் கொதிக்க வைக்காதீர்கள். ஃபிளாட்வவுண்டுக்கு இந்த வேலையே தேவையில்லை.

எனக்குப் பிடித்தது ஆல்கஹால் முறை. ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 99 சதவீதம் வாங்குங்கள். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் சர்க்யூட் போர்டு துடைக்கப் பயன்படுத்துவது இதுதான். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், நமக்கு அது வேண்டாம். கம்பிகளைத் தளர்வாகப் பெரிய வளையமாகச் சுருட்டி, இறுக்கமான மூடியுள்ள அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஊற்றி மூடிவிடுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். இடையில் இரண்டொரு முறை புட்டியைக் குலுக்கினால் திரவம் கலங்கி, கறுப்புத் தூள் அடியில் படிவது தெரியும். காலையில் எடுத்து, பழைய துணியால் ஒவ்வொன்றையும் இறுக்கி இழுத்துத் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். தெளிந்த திரவத்தை மேலாக வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். சமையலறையிலோ சாமி விளக்குக்குப் பக்கத்திலோ வைத்துச் செய்யாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், புட்டிமேல் பெயர் எழுதிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கம்பி வாத்தியத்தில் இருக்கும்போது ஆல்கஹாலால் துடைப்பதும் நல்லதல்ல, சொட்டினால் மரம் வறளும், சில வார்னிஷ்கள் கரையும்.

கொதிநீர் முறைக்கு ஆல்கஹால் வாங்கவேண்டியதில்லை, வேலையும் அன்றே முடியும். சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் வடிகட்டிய குடிநீரைக் கொதிக்கவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, கம்பிகளைப் பத்து நிமிடம் போடுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு கம்பியிலேயே படியும். இடுக்கியால் எடுத்து, வேறு நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் சுற்றிப் பிழிந்து துடைத்து, ஹேர் டிரையரால் கடும் சூட்டுக் காற்று அல்ல, மிதமான சூட்டுக் காற்று அடித்து உடனே உலர்த்துங்கள். உள்ளே தங்கும் ஈரம் மைய எஃகைத் துருப்பிடிக்கவைக்கும். இந்த முறையின் பலவீனமே அதுதான். திரும்பி வரும் பளபளப்பும் அதிக நாள் நிற்பதில்லை. நாளைக்கு ஒரு பதிவு இருக்கிறது, கையில் புதுக் கம்பி இல்லை என்றால் கைகொடுக்கும். மாதாமாதம் செய்யும் வேலையல்ல.

கழுவுவதற்காகக் கழற்றும்போது தூணருகே உள்ள வளைவுகளை நிமிர்த்தாதீர்கள். திரும்ப மாட்டும்போது அதே வளைவுகள் அதே இடத்தில் உட்காரவேண்டும். நிமிர்த்தி மறுபடி வளைத்தால் அங்கேதான் அறும். எந்தக் கம்பி எது என்ற குழப்பம் வராது, தடிமனே சொல்லிவிடும். ஒரே செட்டை இரண்டு மூன்று முறைக்கு மேல் கழற்றி மாட்டுவது எனக்கு உகந்ததாகப் படவில்லை.

முடிந்தால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாத்தியத்தில், இன்னொன்று கழுவப்பட்டுக் காத்திருக்கும். நெக் ஓர் இரவு முழுக்க இறுக்கமில்லாமல் கிடக்க வேண்டியதில்லை, அவசரப்பட்டு அரைகுறையாக உலர்ந்த கம்பியை மாட்டவும் வேண்டியதில்லை.

எப்போது மாற்றுவது

மாற்றும் முன் கம்பிதான் குற்றவாளியா என்று பாருங்கள். ஆக்டிவ் பேஸில் (உள்ளே பேட்டரியில் இயங்கும் மின்சுற்று உள்ளது) ஒன்பது வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தாலும் ஒலி மொத்தையாகும். பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகே உயர்த்தியிருந்தால் காந்தம் இழுத்துக் கம்பி சுருதி தள்ளாடும். இவற்றைச் சரிபார்க்கச் செலவில்லை.

அதன்பின் மாட்டிய அன்று எடுத்த பதிவைப் போட்டு, குமிழ்களை அதே நிலையில் வைத்து இன்றைய ஒலியோடு ஒப்பிடுங்கள். தெளிவு எவ்வளவு போயிற்று, ஒலி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்பது காதுக்கே தெரியும். அடுத்து, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மானிக் எழுப்பி ட்யூனரில் பாருங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டிப் பாருங்கள். முன்பு ஒத்துப்போனவை இப்போது விலகினால் கம்பியின் சீர்மை கெட்டுவிட்டது. கம்பியின் அடியில் நகத்தை ஓட்டுங்கள். ஃபிரெட்டுகளுக்கு நேராகப் பள்ளங்கள் தட்டினால் கழுவிப் பயனில்லை. சிவந்த துரு தெரிந்தால் யோசிக்காமல் கழற்றுங்கள், அது அரத்தைப்போல ஃபிரெட்டை அராவும்.

மாற்றுவதென்றால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு ஒலிக்கும். துருவில்லாத பழைய செட்டைக் கழுவி உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் போட்டு, கழற்றிய தேதியை எழுதிப் பையின் பக்கவாட்டு அறையில் வையுங்கள். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் இதிலிருந்து எடுத்து மாட்டலாம். ஏற்கெனவே இழுபட்ட கம்பி என்பதால் சுருதியில் உடனே நிற்கும். மற்ற மூன்றும் அதே அளவுக்குப் பழகியவையாக இருந்தால் வித்தியாசம் கேட்பவர்களுக்குத் தெரியாது.